சிட்டுக்காரர்

அந்த ஊரில் யாருக்காவது பிரஸ்ஸில் விரல் போய்விட்டால், விரல் போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். "சிட்டு கொத்திடுச்சு" என்பார்கள். கேட்கிறவர் "எந்தக் கை?" என்பார். பதில் வரும். ஒரு பெருமூச்சு வரும். பிறகு பேச்சு மழைக்கோ விலைவாசிக்கோ தாவிவிடும்.

சிட்டு என்பது டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற இயந்திரம். வட்டமாக வெட்டிய தகட்டைக் கையால் அச்சின் மேல் வைத்துக் காலால் மிதியை அழுத்தினால், மேலிருந்து இரும்புத் தலை இறங்கி ஒரே குத்தில் அதை மூடியாக்கிவிடும். அதற்கு முன் இருந்த பிரஸ்கள் எருமை போல அசைந்து அசைந்து வேலை செய்தவை. இது குருவி தானியம் பொறுக்குகிற மாதிரி விடாமல் கொத்தியது. அதனால் அந்தப் பெயர். வைத்தவர்கள் ஆசையாகத்தான் வைத்தார்கள்.

அதைக் கண்டுபிடித்தவர் சிட்டுக்காரர் ஆனார். அப்போது அவருக்கு முப்பது வயது. ஒழுகுகிற தகரக் கூரை, அதன் அடியில் ஒரு பழைய லேத், அவ்வளவுதான் சொத்து. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். சிட்டு கடல் கடந்து போயிற்று. அவர் விற்றவை போக, மற்றவர்கள் உரிமம் வாங்கிச் செய்தவையும் அவர் வீட்டைத் தேடிப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தன. வீடு பெரிதாகிக்கொண்டே போனது. அதில் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மனைவி போன பிறகு மிஞ்சியது இரண்டு பேர். அவரும், மனைவியின் தம்பியும்.

மைத்துனர்தான் முதல் சிட்டை ஓட்டியவர். முதல் கொத்தும் அவருக்குத்தான். இடது கையில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விட்டுவிட்டு நடுவில் இருந்த மூன்றையும் அது எடுத்துக்கொண்டது. காயம் ஆறியதும் அவர் கையில் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுத்தார்கள். சாவி இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. யாரிடமும் குறை சொன்னதில்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து கை குலுக்க நீட்டினால், வேண்டுமென்றே இடது கையைக் கொடுத்து, "பாக்கி மூணை அத்தான்கிட்ட வாங்கிக்குங்க" என்பார். சிட்டுக்காரர் அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

தினமும் காலையில் அவர் தெருமுனை ரொட்டிக்கடை வரை நடப்பார். ஒரு ரொட்டி வாங்குவார், திரும்புவார். ஒருநாள் அவருக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். மேசை மேல் ரொட்டி அறுக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது.

"கையை விடாதே," என்றாள் அவள். "சிட்டுக்காரன் வந்து விரலை வெட்டிட்டுப் போயிடுவான்."

குழந்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டது. சிட்டுக்காரன் எங்கிருந்து வருவான் என்று சுற்றிலும் தேடியது. அதன் கண் பின்னால் நின்ற கிழவர் மேல் வந்து நின்றது. அவர் சிரிக்க முயன்றார். குழந்தை தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

ரொட்டிக்காரருக்கு அவரைத் தெரியும். தலையைத் தூக்காமல், அடுக்கியிருந்த ரொட்டிகளை மறுபடி அடுக்கினார். அந்தப் பெண் போன பிறகு, "அவங்க இந்த ஊர் இல்லீங்க. வெளியூர்" என்றார், சமாதானமாக.

அதில் என்ன சமாதானம்? வெளியூர் வரை போயிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசையில் வைத்தவர், அன்று அதைத் தொடவில்லை. பல நாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது புதிதல்ல என்பதால் யாரும் காரணம் கேட்கவும் இல்லை. பூச்சாண்டிக்கு முகம் கிடையாது, வீடு கிடையாது, அவன் சாகவும் மாட்டான். தான் செத்த பிறகு இந்த ஊரில் தன்னைப் பற்றிப் பேசப்போவது குழந்தைகளை அதட்டுகிற தாய்மார்கள் மட்டும்தான் என்பது அவருக்குப் புரிந்தபோது, இருட்டில் படியைத் தவறவிட்ட கால் போல மனசு ஒரு கணம் வெறும் வெளியில் தொங்கியது.

பிறகுதான் ஆஸ்பத்திரி கட்டப்போவதாகச் சொன்னார். கைக்கு மட்டுமான ஆஸ்பத்திரி. மூன்று மாடி. யாரும் ஒரு காசு கொடுக்க வேண்டாம்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா அத்தான்?" என்றார் மைத்துனர்.

"கட்டக் கூடாதுங்கறியா மாப்ள?"

"கட்டுங்க. தாராளமாக் கட்டுங்க. எனக்கும் ஒரு கட்டில் போட்டு வைங்க. ஒருவேளை முளைச்சாலும் முளைக்கும்."

ஆனால் கட்டடத்துக்கு உயிர் கொடுக்க வேண்டியவள் வேறு ஒருத்தி. அவருடைய ஒரே மகள் கை அறுவை டாக்டர். வேறு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, அரசு ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்புகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ படிப்பு இருக்க அவள் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அப்பாவும் மகளும் ஒரே அறையில் மணிக்கணக்கில் பேசாமல் இருக்கக்கூடியவர்கள். மனைவி இருந்தவரை, "ரெண்டு கல்லை வெச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறேன்" என்று அவள்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசினாள். மகள் இந்த ஆஸ்பத்திரியை ஏற்று நடத்த வந்தால், மற்றது தானாக நடக்கும். அவள் மறுத்தால் அது வெறும் செங்கல். ஊர் நம்பாது என்பது இருக்கட்டும், அவரே நம்ப மாட்டார்.

சுவர்கள் எழும்பியதும் அவளை அழைத்துப் போய்க் காட்டினார். ஈரச் சிமெண்ட் வாசனையில் அவள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மேல் மாடி முழுக்க ஆபரேஷன் தியேட்டர். நீ அன்னைக்குச் சொன்னியே மைக்ரோஸ்கோப், அது மூணு வருது."

அவள் தலையசைத்தாள்.

வாசலுக்கு வந்தபோது, மணல் மேட்டின் மேல் இரும்பு எழுத்துகள் கிடந்தன. முகப்பில் பொருத்த வேண்டிய அவருடைய பெயர். ஒவ்வொரு எழுத்தும் ஒரு குழந்தை உயரம். அவள் அவற்றின் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா, போன வாரம் ஒரு பொண்ணுக்குக் கையைத் தைச்சேன். சின்ன வயசு. எந்த மிஷின்லம்மான்னு கேட்டேன். 'உங்க மிஷின்தான் டாக்டர்'னு சொல்லுச்சு. குத்திக் காட்டல. சாதாரணமாத்தான் சொல்லுச்சு."

"கையைக் காக்கற தடுப்பு எல்லாருக்கும் இலவசமா அனுப்பியாச்சேம்மா. ரெண்டு வருஷம் ஆச்சு."

"அனுப்புனீங்க. போய்ப் பாத்தீங்களா?"

அவர் குனிந்து ஓர் எழுத்தின் மேல் இருந்த மணலைத் துடைத்தார்.

"பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னு அம்மா சொல்லுவாங்க. நீங்க அங்க கிள்ளிக்கிட்டே இருப்பீங்க. நான் இங்க உக்காந்து ஆட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்கப்பா. வேற டாக்டர் நிறையப் பேர் இருக்காங்க."

குரலை உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பார். கையில் ஒட்டிய சிமெண்ட் தூளைத் தட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அடுத்த நாள் அவர் மைத்துனரோடு ஒரு மூடிப் பட்டறைக்குப் போனார். நீளமான கொட்டகை. இரண்டு வரிசையாகச் சிட்டுகள். வாசலில் கால் வைத்ததுமே சத்தம் நெஞ்சுக்கூட்டில் ஏறி உட்கார்ந்தது. மேஸ்திரி அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

அவர் அனுப்பிய தடுப்புகள் எல்லா இயந்திரங்களிலும் இருந்தன. தலை இறங்குகிற இடத்துக்கு முன்னால் வந்து மூடிக்கொள்ள வேண்டிய கம்பிக் கதவு. அது மூடினால்தான் கை பிழைக்கும். ஒவ்வொரு கதவும் மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஒன்றில் கம்பி, ஒன்றில் சணல், ஒன்றில் பழைய சேலைக் கிழிசல். தூக்கிக் கட்டிய கதவுகளில் சாப்பாட்டுப் பைகள் வரிசையாகத் தொங்கின.

கடைசி இயந்திரத்தில் இருந்த பெண்மணி அவரைப் பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. நடுத்தர வயது. தகட்டை வைக்கிற கையும் மூடியை எடுக்கிற கையும் இரும்புத் தலைக்கு அடியில் போய்ப் போய் வந்தன. சிட்டுக்காரர் தூக்கிக் கட்டியிருந்த கதவைக் காட்டினார்.

"ஏம்மா, இதை ஏன் கட்டி வெச்சிருக்கீங்க?"

"பை மாட்டத்தான்," என்றாள் அவள். "கீழ வெச்சா எலி தூக்கிட்டுப் போயிடுது."

பக்கத்து இயந்திரத்தில் சிரிப்பு.

"விளையாடாதே," என்று அதட்டினார் மேஸ்திரி. "ஐயா யாருன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? மிஷின்ல பேரு அடிச்சிருக்கே, தினம் பாக்கறேன்." அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "ஐயா, கதவு மூடித் திறக்கற நேரத்துல ஒரு மூடி அடிச்சிடுவேன். எனக்குக் கூலி மூடிக்கு இவ்வளவுன்னுதான். கதவைக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்தா வீட்டுல அடுப்பு எரியாது. உங்க மேல தப்பு சொல்லல. நல்ல கம்பிதான் போட்டிருக்கீங்க."

அவளுடைய வலது கைச் சுண்டுவிரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் விரல் முடிந்திருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "இது பழசு," என்றாள். மறுபடி மிதியை அழுத்தினாள்.

திரும்பும் வழியில் காரில் சிட்டுக்காரர் தன் முதல் வரைபடத்தை நினைத்துக்கொண்டிருந்தார். அதிலும் ஒரு கதவு இருந்தது. முதலில் வாங்க வந்தவர், "இந்தக் கதவு இல்லாம ஓடுமா?" என்று கேட்டார். ஓடும் என்றார் இவர். ஓடியது. அதில் ரகசியம் ஒன்றுமில்லை. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கதவை எடுத்ததால்தான் அது சிட்டு ஆனது. இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு எருமை.

அதன் பிறகு ஒரு நீண்ட மழைக்காலம். கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். காகிதத்தில் கதவாக வரைவார். வேகமாக மூடுகிற கதவு, கட்டி வைக்க முடியாத கதவு, கட்டி வைத்தால் இயந்திரமே நின்றுவிடுகிற கதவு. ஒவ்வொன்றையும் வரைந்து முடித்ததும், அந்தப் பெண்மணி அதை எப்படிக் கட்டுவாள் என்பதும் கூடவே தெரிந்துவிடும். பசியை விடக் கெட்டிக்காரப் பூட்டு எதுவும் அவருக்கு வரைய வரவில்லை. காகிதத்தைக் கசக்குவார். மைத்துனர் அவற்றைப் பொறுக்கி, "அத்தான், அடுப்புக்குத் தினமும் ஒரு கூடை கிடைக்குது. இதுவும் தர்மம்தான்" என்பார்.

மழை விட்ட ஒரு காலையில் மறுபடி ரொட்டிக்கடைக்குப் போனார். கூட்டம் இல்லை. உள்ளே அடுப்பு நன்றாகத் தெரிந்தது. ரொட்டிக்காரர் நீளமான காம்பு வைத்த மரப்பலகையில் மாவு உருண்டைகளை வைத்து அடுப்புக்குள் செலுத்தினார். பலகை உள்ளே இருக்கும்போதே, அவருடைய மனைவி இன்னொரு பலகையில் அடுத்த உருண்டைகளை அடுக்கினாள். அவர் இதை இழுக்கவும் அது தயாராக இருந்தது. அது உள்ளே போக, இது காலியாகி மறுபடி நிறைந்தது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவர் பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற காட்சிதான்.

"இந்த அடுப்புல எப்பவாவது கையைச் சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

ரொட்டிக்காரர் திகைத்தார். "அடுப்புக்குள்ள கை எதுக்குங்க போவுது? பலகைதான் போவுது."

சிட்டுக்காரர் வாங்கிய ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். எழுபது வயதுக்கு அது நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டைத் திறக்கச் சொன்னார். தூசிக்கு அடியில் லேத் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து அவரை வீட்டுக்குள் பிடிக்க முடியவில்லை. கையை எப்படித் தடுப்பது என்று இத்தனை வருஷம் யோசித்தாயிற்று. கைக்கு அங்கே வேலையே இல்லாமல் செய்துவிட்டால் தடுப்பு எதற்கு? இரண்டு குழி வைத்த ஒரு நீளத் தட்டு. ஒரு குழி இரும்புத் தலைக்கு அடியில் இருக்கும்போது மற்றது வெளியே இருக்கும். வெளியே இருப்பதில் தகட்டை வைத்து மிதித்தால் தட்டு நகர்ந்து அது உள்ளே போகும். அடித்து முடிந்த மூடி மறுபக்கம் வெளியே வரும். தட்டு முழுதாகப் போய் முட்டினால் ஒழியத் தலை இறங்காது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து முடிப்பதற்குள் அவர் பாதியாக இளைத்துவிட்டார்.

மைத்துனர் அதற்கு ரொட்டிப்பலகை என்று பெயர் வைத்தார்.

ஓட்டிப் பார்க்கிற நாளில் சிட்டுக்காரர் இயந்திரத்தின் முன் போட்ட முக்காலியில் உட்காரப் போனார். மைத்துனர் அவர் தோளைத் தொட்டு நகர்த்தினார்.

"எழுந்திருங்க அத்தான்."

"வேண்டாம் மாப்ள."

"முதல் சிட்டை யார் ஓட்டுனது? இதையும் நான்தான் ஓட்டணும். நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

கொத்து வாங்கிய நாளிலிருந்து அவர் எந்தச் சிட்டின் முன்னாலும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார். வேட்டியைத் தொடைக்கிடையில் இறுக்கிக்கொண்டார். இரண்டு விரல் கையால் தகட்டை எடுத்து வைத்தார். மிதித்தார். தட்டு நகர்ந்தது, தலை இறங்கியது, மூடி வந்தது. இன்னொன்று. இன்னொன்று. பிறகு வேகம் ஏறியது. அந்தப் பழைய குருவிச் சத்தம் ஷெட்டில் எழுந்தது. முன்பைவிட வேகமாக எழுந்தது. பக்கத்தில் நின்ற சிட்டுக்காரருக்கு அது காதில் விழவில்லை. அவர் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் மைத்துனர் வேண்டுமென்றே கையை உள்ளே விடப் பார்த்தார். தட்டு கையில் இடித்து நின்றது. தலை மேலேயே நின்றது. மறுபக்கமாக விட்டார். நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமாக, அசட்டையாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரி, இப்படிக் கை தவறுகிற விதமெல்லாம் செய்து பார்த்தார். நின்றது.

காலை எடுத்தார். ஷெட் அமைதியானது.

"அத்தான்," என்றார், திரும்பாமல். "இதுல தூக்கிக் கட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே. பாவம், பையை எங்க மாட்டுவாங்க?"

பிறகு திரும்பிப் பார்த்தார். சிட்டுக்காரர் கிட்டே வந்து, அந்த இடது கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தழும்பு மழமழவென்று, சாதாரணச் சூட்டோடு இருந்தது. மைத்துனருக்குச் சொல்வதற்கு ஏதோ இருந்திருக்கும். அவருக்கு எப்போதும் இருக்கும். அன்று சொல்லவில்லை. வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டி முடிகிற வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

கணக்கு எளிமையானது. எங்கெங்கே சிட்டு இருக்கிறதோ, அவர் செய்ததோ மற்றவர் செய்ததோ, அத்தனைக்கும் தன் செலவில் தட்டு மாட்டிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தை யார் கேட்டாலும் சும்மா கொடுக்க வேண்டும். அதைச் செய்தால் மூன்று மாடி ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லை. இரண்டையும் செய்ய வழி உண்டா என்று கட்டடக்காரர் கேட்டார். இல்லை.

"மேல ரெண்டு மாடியையும் விட்டுடுங்க," என்றார் சிட்டுக்காரர்.

"முகப்பு மொட்டையா நிக்குமே சார். எழுத்தை எங்க மாட்டுறது?"

"அது வேண்டாம்."

மைத்துனருக்கு யோசனை வந்தது. "நல்ல கனமான இரும்பு. உங்க பேரை அறுத்தா எத்தனையோ தட்டு வரும் அத்தான்." சிட்டுக்காரர் தலையசைத்தார். முதல் எழுத்தை அறுத்துப் பார்த்தால், உள்ளே வெறும் மட்ட இரும்பு. மேலே மட்டும் மெருகு. தட்டுக்கு ஆகாது. "பேரு இப்படி ஏமாத்திடுச்சே," என்று மைத்துனர் உச்சுக்கொட்டினார். எழுத்துகள் ஷெட்டுக்குப் பின்னால் துருப்பிடிக்கப் போயின.

சிட்டுக்காரர் தானாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆள் அனுப்பவில்லை. மகளின் அறைக்கு வெளியே பெஞ்சில், கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்திருந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன் முறை வரும்வரை காத்திருந்தார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவன், "உங்களுக்கு எந்தக் கை பெரியவரே?" என்று அக்கறையாகக் கேட்டான்.

உள்ளே போனதும், தட்டைப் பற்றிச் சொன்னார். பட்டறையில் பார்த்ததைச் சொன்னார். அவள் ஊசிகளை ஒழுங்கு செய்துகொண்டே கேட்டாள்.

"மாடி கிடையாதும்மா. கீழ்த்தளம் மட்டும்தான். பேரும் போடல."

அவள் நிமிர்ந்தாள்.

"மைக்ரோஸ்கோப்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணு போதும்," என்றாள்.

தட்டு மாட்டுகிற வேலை மூன்று வருஷம் இழுத்தது. வேகம் கூடும் என்றதும் முதலாளிகள் மறுபேச்சுப் பேசவில்லை. விரலுக்காக யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. கடைசி இயந்திரத்துப் பெண்மணியை அவர் மறுபடி பார்த்தார். மூடி முன்பைவிட நிறைய அடிப்பதாகச் சொன்னாள். முதலாளி மூடிக்கான கூலியைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னாள். "விரல் மிஞ்சுச்சு. கூலி மிஞ்சல. ரெண்டும் ஒரே நாள்ல கிடைக்குமா என்ன?" அதற்கு என்ன தட்டுச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதோடுதான் வீடு திரும்பினார்.

ரொட்டிக்கடையில் வேறொரு தாய் வேறொரு குழந்தையிடம் அதையே சொன்னதையும் கேட்டார். சிட்டுக்காரன் வந்துடுவான். பட்டறையில் கொத்துவது குறைந்த அளவுக்கு வாயில் குறையவில்லை. சொல் அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது போலிருக்கிறது. இந்த முறை அவர் குழந்தையைப் பார்த்துச் சிரிக்க முயலவில்லை. அது கையை இழுத்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்த்தார். இழுத்துக்கொண்டது. நல்லது என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரி திறந்த முதல் வருஷம் பெஞ்சில் இடம் இல்லை. அடுத்த வருஷம் இடம் இருந்தது. ஊர் சிரிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பணக்காரனுக்குத் தர்மம் பண்ணக்கூடத் தெரியவில்லை, நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியைக் கட்டி வைத்திருக்கிறான் என்றார்கள். மொட்டைக் கட்டடம் என்பதே அதன் பெயராயிற்று. மகள் மரவேலையில், விபத்தில், தீயில் போன கைகளைத் தைத்தாள். சிட்டு கொத்திய கை எப்போதாவது வந்தது. பிறகு அதுவும் அரிதாயிற்று.

ஒரு பிற்பகல் மைத்துனரை ஷெட்டில் விட்டுவிட்டு, அவர் தனியாக அங்கே போனார். கூடத்தில் யாரும் இல்லை. வெயில் காலி பெஞ்சுகளின் மேல் நீளமாகக் கிடந்தது. புதிதாகச் சேர்ந்த வார்டு பணியாளர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க பெரியவரே. எந்தக் கை?"

"கை நல்லா இருக்குப்பா."

"அப்ப இங்க என்ன வேலை? டாக்டரைப் பாக்கணுமா?"

"இல்ல. யாராவது வந்திருக்காங்களான்னு பாக்க வந்தேன்."

"எங்க வர்றாங்க? ஒரு வாரமா ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"ரொம்பச் சந்தோஷம்," என்றார் சிட்டுக்காரர்.

பணியாளருக்குச் சுருக்கென்றது. "இதுல என்ன சந்தோஷம்? இப்படியே போனா கட்டுனவன் இழுத்து மூடிட்டுப் போயிடுவான். எங்க பொழப்பு என்னாவறது?"

"மூட மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். உட்காருங்க, இடத்துக்கா பஞ்சம் என்றார் பணியாளர். சிட்டுக்காரர் நடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். உள்ளே எங்கோ மகள் நடக்கிற சத்தம் கேட்டது. அவர் கூப்பிடவில்லை.